பைப்புக்கு ஐ.எஸ்.ஐ. பார்க்கிறோம், எல்போவுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இணைப்பிதழில் வீடு கட்டுபவர்களுக்காகக் குழாய் வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல பைப், ஐ.எஸ்.ஐ. முத்திரை, தடிமன் என்று எல்லாம் விவரமாக எழுதியிருந்தார்கள், சரி. ஆனால் பைப்பை வளைவில் சேர்க்கும் எல்போ, நேராகச் சேர்க்கும் கப்ளிங், தண்ணீரை மூடித் திறக்கும் வால்வு பற்றி மொத்தமே ஒரு வரிதான், 'தரமான இணைப்புகளைப் பயன்படுத்தவும்' என்று. அந்த ஒரு வரிக்குள்தான் என் முப்பதாயிரம் ரூபாய் போனது.

எங்கள் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. வீடு கட்டிய நாலாவது வருடம் அந்தச் சுவரில் பெயிண்ட் கொப்பளிக்க ஆரம்பித்தது. மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று நினைத்து ஆள் கூப்பிட்டு மொட்டை மாடியில் எதையோ பூசச் சொன்னேன், கொப்புளம் இன்னும் பெரிதானதுதான் மிச்சம். கடைசியில் டைல்ஸை உடைத்தோம். கீசரிலிருந்து ஷவருக்கு வரும் சுடுதண்ணீர் லைன் முழுக்க முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. (சுடுதண்ணீருக்கு என்றே வரும் பிளாஸ்டிக் பைப்), நல்ல கம்பெனி, பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் நடுவில் இரண்டடிக்கு மட்டும் வெள்ளை யு.பி.வி.சி., சூடு தாங்காத சாதா பைப்! ஞாயிற்றுக்கிழமை பைப் பற்றாமல் போயிருக்கிறது, கடை மூடியிருந்திருக்கிறது, கையில் கிடந்த துண்டின் இரண்டு முனையையும் தீயில் காட்டி விரித்து சி.பி.வி.சி. மேல் செருகி சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) தடவிவிட்டார் பிளம்பர். விரிந்த இடம் தோசை ஓரம் மாதிரி மெலிந்து பழுப்பேறி, மயிரிழை விரிசலில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அவரையே கூப்பிட்டுக் காட்டினேன். "பத்து வருசமா இப்படித்தானுங்க சார் பண்றேன், ஒண்ணும் ஆனதில்ல" என்றார். அவர் பண்ணிய மற்ற வீட்டுச் சுவர்களை நினைத்துக்கொண்டேன்.

அவரை மட்டும் சொல்லியும் பயனில்லை. கடையில் எல்லாவற்றுக்கும் பெயர் 'முக்கால் இஞ்ச்'தான். சி.பி.வி.சி. முக்கால் இஞ்சின் வெளி விட்டம் 22.2 மி.மீ., வீட்டு வேலைக்கு வரும் யு.பி.வி.சி. முக்கால் இஞ்சுக்கு 26.7 மி.மீ., தோட்டத்துக்குப் போடும், ஐ.எஸ். 4985 என்ற இந்தியத் தர எண் உள்ள பி.வி.சி. பைப்புக்கு 25 மி.மீ. மூன்றும் முக்கால்தான், ஒன்றின் எல்போ இன்னொன்றில் உட்காராது. ஒரு இஞ்சிலும் இதே கதை, தோட்டத்துப் பைப்பின் 32 மி.மீ.க்கும் வீட்டு யு.பி.வி.சி.யின் 33.4-க்கும் நடுவில் இருக்கிற சந்தில் பஞ்சை வைத்துச் சொல்யூஷனை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற வேண்டும் என்றால் மரை வைத்த அடாப்டர் இருக்கிறது, ஒரு பக்கம் வெளியே மரை உள்ள எம்.டி.ஏ., மறு பக்கம் உள்ளே மரை உள்ள எஃப்.டி.ஏ., இரண்டும் சேர்ந்து ஒரு டிபன் செலவு கூட வராது.

'பிரஷர் தாங்கலைங்க' என்று எல்லோரும் சொல்வதையும் நம்பாதீர்கள். பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. தொட்டி 25 அடி உயரத்தில் இருந்தால் கீழே குழாயில் முக்கால் கிலோதான் வரும், அதற்கு எந்தப் பைப்பும் உடையாது. கெடுப்பது சூடு. எஸ்.டி.ஆர். 11 (விட்டம் தடிமனைப் போல் 11 மடங்கு) சி.பி.வி.சி. பைப் 23 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு 28 கிலோ தாங்கும், அதே பைப் 82 டிகிரியில் 7 கிலோதான். சுடுதண்ணீருக்கு என்றே செய்த பைப்பே கால்வாசிக்கு இறங்குகிறது என்றால் சாதா பி.வி.சி. எந்த மூலைக்கு? கீசரில் மாட்டும் கனெக்‌ஷன் டியூபும் அப்படித்தான். வெள்ளை பிளாஸ்டிக் டியூப் வாஷ்பேசினுக்குச் சரி, கீசருக்கு ஸ்டீல் பின்னல் போட்டது வேண்டும். அதிலும் தண்ணீரைத் தாங்குவது உள்ளே இருக்கும் ரப்பர், பின்னல் அதை ஊதாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கேஸ் டியூப் என்றால் 5 வருடத்தில் மாற்றிவிடுகிறோம், கீசர் டியூபை எட்டிப் பார்ப்பதே இல்லை.

கீசரோடு பெட்டியில் ஒரு சேஃப்டி வால்வு வருமே, அது சொட்டுகிறது என்று பல வீடுகளில் கழற்றி எறிந்துவிட்டு எண்ட் கேப் போட்டு மூடிவிடுகிறார்கள். தண்ணீர் சூடானால் விரியும், விரிந்தது திரும்பிப் போக வழியில்லாவிட்டால் அந்த வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடேறும்போது நாலு சொட்டு விடுவதுதான் அதன் வேலை, கீழே ஒரு சின்ன டியூபை மாட்டி டிரெயினுக்கு விட்டால் போதும். எண்ட் கேப் போட்ட பிளம்பர் எவரும் அந்தக் கீசருக்குக் கீழே நின்று குளிக்கப்போவதில்லை.

அப்புறம் கேட் வால்வு. எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் பித்தளை கேட் வால்வு போட்டிருந்தேன், மூன்று வருடம் தொடவில்லை, ஒருநாள் அவசரத்துக்கு மூடப்போனால் கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கிறது, கீழே தண்ணீர் அதுபாட்டுக்கு வருகிறது. தண்டு அறுந்து, தகடு உள்ளேயே உப்பு பிடித்து நின்றுவிட்டது. இப்போது பால் வால்வு, கால் திருப்பில் மூடிவிடும், ஆனால் அதையும் மாதம் ஒருமுறை திருப்பித் திறந்து வைக்காவிட்டால் இறுகிவிடும். மோட்டார் லைனில் அதைச் சட்டென்று மூடவும் கூடாது, ஓடுகிற தண்ணீர் முட்டி அடிக்கும். பக்கத்தில் ஒரு யூனியன், அதாவது பைப்பை அறுக்காமல் கழற்றி மாட்டும் இணைப்பு, போட்டு வையுங்கள். யூனியன் இல்லாத வால்வை மாற்ற வேண்டுமானால் பைப்பை அறுக்க வேண்டும், நான் அறுத்தேன்.

மரை விஷயத்தில் நான் படித்த பாடமும் ஒன்று உண்டு. மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய அரை இஞ்ச் வால்வு அழகாக மூன்று சுற்று ஏறி அப்படியே பிடித்துக்கொண்டது. நான் விடுவேனா, டெஃப்லான் டேப்பை இன்னும் பத்துச் சுற்று சுற்றி ஸ்பேனர் போட்டுத் திருக, பிளாஸ்டிக் சாக்கெட் டப்பென்று விட்டது. அது அமெரிக்க என்.பி.டி. மரை, நம் ஊரில் புழங்குவது பிரிட்டிஷ் பி.எஸ்.பி. மரை. அரை இஞ்சில் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 சுற்றுதான், அதனால்தான் ஏறுவது போல ஏறி ஏமாற்றுகிறது, மரையின் கோணம் 60 டிகிரி, 55 டிகிரி என்று வேறு. இது தவிர, பித்தளை மரையை வெறும் பிளாஸ்டிக் மரைக்குள் முறுக்கியதும் தப்பு. குழாய் மாட்டும் இடத்தில் உள்ளே பித்தளை பதித்த எல்போதான் போட வேண்டும் என்று கடைக்காரர் அப்போதுதான் சொன்னார், அதுவும் நான் கேட்ட பிறகு.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை குழாய் பற்றி எழுதும்போது அரைப் பக்கமாவது இந்தச் சில்லறைச் சாமான்களுக்கு ஒதுக்குங்கள். பைப் மேல் மீட்டருக்கு மீட்டர் எல்லாம் அச்சடித்திருக்கிறது, எல்போவில் இருப்பதைப் படிக்க எனக்குக் கண்ணாடி போதவில்லை, லென்ஸ் வேண்டியிருக்கிறது. உடைத்து எடுத்த அந்த இரண்டடித் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். படம் போட வேண்டும் என்றால் சொல்லுங்கள், கொரியரில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உடுமலைப்பேட்டை