கணித வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு அமர்வுகளில் பெரும்பகுதி 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கே போனது. ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வலர்களின் இணையவழிக் கூட்டுத் தேடலில் லூக் டுரான்ட் கண்டெடுத்து, 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண் இது. அறியப்பட்ட மெர்சென் பகா எண்களில் (2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் பகா எண்கள்) 52-ஆவது, இலக்கங்கள் 4,10,24,320. இவ்வளவு நீளமானாலும் கடைசி மூன்று இலக்கங்களைத் தாளிலேயே எடுத்துவிடலாம். 2-இன் அடுக்குகளில் 2³ முதற்கொண்டு, 1000-ஆல் வகுத்த மீதி 100 அடுக்குக்கு ஒருமுறை திரும்ப வரும். நம் அடுக்கு 41 என முடிவதால் 2⁴¹ = 2199023255552 போதும்; நம் எண் 551 என முடியும்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால், 2-இன் அந்த அடுக்கிலிருந்து 1 கழித்த விடையும் பகா எண்தான் என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89 அதை உடைத்துவிடும். அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண் என்றால், காரணி எதுவும் அடுக்கின் இருமடங்கால் வகுக்க மீதி 1 தர வேண்டும். 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 தர வேண்டும். இந்தச் சல்லடையில் பெரும்பாலான எண்கள் கழிந்துவிடும். நீண்ட சோதனைக்கு முன் இதைச் செய்யாவிட்டால் கணினி நேரம் வீண்.

மெர்சென் வகை எண் பகா எண்ணா என்று தீர்மானிக்கும் லூக்கா–லேமர் சோதனைக்கு 2⁷ − 1 = 127 நல்ல பயிற்சி. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொள்ள வேண்டும்: 14, 67, 42, 111, 0. படிகள் ஐந்து, அதாவது அடுக்கைவிட இரண்டு குறைவு. கடைசியில் 0 வந்தால் பகா எண்; வராவிட்டால் பகு எண். ஒரு படி கூடினாலோ குறைந்தாலோ விடைக்கு மதிப்பில்லை.

மீதி காண வகுத்தல் தேவையே இல்லை என்பதுதான் இதன் அழகு. 67² − 2 = 4487. அதை 2⁷ ஆகிய 128-ஆல் பிரித்தால் ஈவு 35, மீதி 7. இரண்டையும் கூட்டினால் 42. இரும எண்ணில் இது வெட்டி ஒட்டும் வேலைதான். கடைசிப் படியில் மட்டும் கவனம் வேண்டும்: 12319 பிரிந்து 96 + 31 = 127 ஆகும். 127 என்பதும் இங்கே 0-தான். நிரல் இதைச் சரிபார்க்காவிட்டால் பகா எண்ணையே பகு எண் என்று தள்ளிவிடும்.

எக்செல் தாளில் இந்தச் சோதனை 2¹⁹ − 1 வரை சரியாக வரும். 2³¹ − 1 வந்தால் வர்க்கம் 19 இலக்கம் வரை போகும்; எக்செல் 15 இலக்கம்தான் வைத்திருக்கும், மீதி பிழையாகும். பைத்தான் நிரல்மொழியின் முழு எண்களுக்கு அந்த வரம்பு இல்லை.

கோடிக்கணக்கான படிகளில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் முடிவு கெடும். அதனால்தான் மேற்சொன்ன எண் முதலில் டப்ளினில் இருந்த ஜிபியு (வரைகலைச் செயலி) ஒன்றில், பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று மட்டும் சொல்லும் ஃபெர்மா வகைச் சோதனையில் தேறியும் அதோடு விடவில்லை; லூக்கா–லேமர் வழியில் வேறு நிரல்களாலும் வேறு கணினிகளாலும் உறுதிசெய்தார்கள்.

வரும் ஆண்டுக்கு 2⁶⁷ − 1 எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். இவ்வகை எண்களுக்குப் பெயர் தந்த மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1903-இல் கணித அறிஞர் கோல் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். முதல் காரணியிலிருந்து 1 கழித்து, 67-இன் இருமடங்கான 134-ஆல் வகுத்துப் பார்க்கலாம், மீதமின்றிப் போகும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்