இருபத்தெட்டுக்கு அப்புறம் ஒன்று

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
31 டிசம்பர் 2023, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவிடம் போனில் கேட்டால் "பரவாயில்லை" என்கிறாள். அம்மாவின் பரவாயில்லையை நம்ப முடியாது. நீங்களே ஒரு வரி எழுதுங்கள்.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அறையில் நான்கு பேர். கீழே பூக்கடை, அதனால் விடிகாலையில் மல்லிகை வாசம் மாடிக்கு ஏறி வந்துவிடும். கண்ணைத் திறக்காமல் இருந்தால் பெரியகுளம்தான். கண்ணைத் திறந்தால் மோனோரயில் சத்தம். இன்றைக்கு விடுமுறை. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. டிசம்பரில் இந்த ஊர் மழை ஷிப்ட்டுக்கு வருகிற ஆள் மாதிரி, நேரம் தவறுவதில்லை. வெளியே போக வழியில்லை, அதனால் கடிதம்.

காலையில் நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஜெயித்துவிட்டது.

"யாருடா அது?" என்று நீங்கள் கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடுகிற ஓர் அணி. அவர்களுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாம் எங்கள் சூப்பர்வைசர் அண்ணனால் வந்தது. அவர் செந்தூல்காரர். அவருடைய அப்பா அங்கே இருந்த ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். இந்த நாட்டில் கூடைப்பந்து பெரும்பாலும் சீனர்கள் ஆடும் ஆட்டம்; நம் ஆட்களுக்குக் கால்பந்துதான் உயிர். அண்ணன் மட்டும் சீனப் பள்ளி மைதானத்தில் வேலியேறிக் குதித்து இதைக் கற்றுக்கொண்டாராம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பேச்சுவாக்கில், எங்கள் ஊரில் மே மாதம் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும், ஐஓபி அணி எல்லாம் வரும், எங்கள் மாமா என்னைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவார் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

டெட்ராய்ட்டில் இரவு 7 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 8. அதனால் இந்த ஊர்க்காரனுக்கு என்பிஏ என்பது பசியாறும்போது பார்க்கிற விஷயம். (இங்கே காலைச் சாப்பாட்டைப் 'பசியாறுவது' என்பார்கள். "பசியாறிட்டியா தம்பி?" என்று யாராவது கேட்டால், இட்லி சாப்பிட்டாயா என்று அர்த்தம்.) 'மாமாக்' கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையை இங்கே அப்படிச் சொல்வார்கள்) ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், அதாவது நம் பரோட்டா மாதிரி, ஒரு தே தாரிக், ஆற்றின பால் டீ. கரண்டி போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் அண்ணனின் கைப்பேசி சாய்ந்திருக்கும். அதன் திரையில் ஒரு மூலையில் விரிசல். சரியாக எதிரணியின் புள்ளி தெரிகிற இடத்தில். 112-ஆ 122-ஆ என்று கண்டுபிடிக்க முடியாது. மாற்றிவிடலாமே அண்ணே என்றேன். "எதுக்குலா? தெரியாம இருக்கறதே நல்லது" என்றார்.

நவம்பர் முழுக்கத் தோற்றார்கள் மாமா. டிசம்பரிலும் தோற்றார்கள். முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்துவிட்டு, அப்புறம் தொடர்ந்து 28 தோல்வி. ஒரே சீசனில் இதற்கு முன்னால் யாரும் இத்தனை வரிசையாகத் தோற்றதில்லை. பழைய கணக்கு 26. அதை இந்த வாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரி, இங்கே புதன் காலை, தாண்டினார்கள். அன்றைக்கு கேட் கன்னிங்ஹாம் என்கிற பையன் ஒருவனே 41 புள்ளி போட்டான். 2021-ல் லீக்குக்கு வந்த புதுப் பையன்களில் முதல் ஆளாகத் தேர்வு செய்யப்பட்டவன். அப்படியும் தோல்வி. அரங்கத்தில் ஜனங்கள் "அணியை வித்துட்டுப் போ" என்று முதலாளிக்குக் கேட்கிற மாதிரிக் கோஷம் போட்டார்கள். அண்ணன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அந்தத் தாளத்துக்கு மேசையில் தட்டினார். பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்காரர் ஒருவர் என்ன என்று எட்டிப் பார்த்து, திரையைக் கண்டு, அண்ணன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். துக்க வீட்டில் செய்கிற மாதிரி.

இந்த அணியை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று கேட்டேன். 2004 என்றார். அந்த வருஷம் இறுதிச் சுற்றில் எதிரே லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ். ஷாக், கோபி, கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நான்கு பெரிய தலைகள். டெட்ராய்ட் பக்கம் அந்த அளவுக்குப் பெயர் எடுத்தவன் ஒருத்தனும் கிடையாது. நான்குக்கு ஒன்று என்று அடித்தார்கள். "கார் ஃபேக்டரி ஊரு தம்பி. பட்டறைக்காரன் மாதிரி ஆடுனானுங்க. எங்கப்பா பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாரு, அவருக்கே பிடிச்சுப் போச்சு." அப்பா இறந்து பல வருஷம் ஆகிறதாம். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

2008-க்கு அப்புறம் பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கிற சுற்றில் ஒரே ஓர் ஆட்டம்கூட இவர்கள் ஜெயித்ததில்லை. பதினைந்து வருஷம். அந்த 2008 நவம்பரில்தான் 2004 அணியில் ஆடிய சான்சி பில்லப்ஸைக் கொடுத்துவிட்டு ஆலன் ஐவர்சனை வாங்கினார்கள். அண்ணன் அதை வீட்டை விற்றுக் குதிரை வாங்கிய கதை என்கிறார். அதன் பிறகு முதலாளி மாறினார், பயிற்சியாளர்கள் மாறினார்கள், அரங்கமே மாறியது. பழையதை இடித்தும் விட்டார்கள். ஆனால் ரசிகனுக்குச் சொல்கிற பதில் மட்டும் மாறவே இல்லை: அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள். "வீடு கட்டுறேன், வீடு கட்டுறேன்னு சொல்லி பதினஞ்சு வருஷமா அஸ்திவாரம் தோண்டறானுங்க தம்பி. பள்ளத்துல தண்ணி நின்னு கொசு வந்துருச்சு."

தோற்பதில்கூட ஒரு ஏமாற்று இருக்கிறது. அந்த லீக்கில் மோசமாக ஆடினால் அடுத்த வருஷம் நல்ல புதுப் பையன் கிடைக்க வாய்ப்பு அதிகம். குலுக்கல் முறை. போன சீசனில் 17 வெற்றி, 65 தோல்வி என்று 30 அணிகளிலும் கடைசியாக வந்தது டெட்ராய்ட். பிரான்சிலிருந்து வெம்பன்யாமா என்று ஒரு பையன் வந்தான், ஏழு அடிக்கு மேல் உயரம், உலகமே அவன் பின்னால். அவன் கிடைப்பான் என்ற ஆசையில்தான் அண்ணன் அந்த 65 தோல்வியையும் பொறுத்துக்கொண்டாராம். ஆனால் கடைசி இடக்காரனுக்கும் குலுக்கலில் 14 சதவிகித வாய்ப்புதான். சீட்டு எடுத்தார்கள், ஐந்தாவது இடம் வந்தது. பையன் சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டான். நம் சிட்பண்டு ஞாபகம் வந்தது எனக்கு. அதிலாவது கட்டின பணம் ஒருநாள் திரும்பி வரும்.

பயிற்சியாளர் மான்ட்டி வில்லியம்ஸுக்கு ஆறு வருஷத்துக்கு 78.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம். கையெழுத்தான அன்றைக்கு அந்த லீக்கில் வேறு எந்தப் பயிற்சியாளருக்கும் அவ்வளவு தந்ததில்லையாம். ஜேடன் ஐவி என்கிற வேகமான பையனை உட்கார வைத்துவிட்டு வேறொருவனை முதலில் இறக்குகிறார் என்று அண்ணனுக்கு ஆத்திரம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கேட் கன்னிங்ஹாம் பந்தோடு உள்ளே போனால், வெளியே நிற்கிறவர்கள் தூரத்திலிருந்து போட மாட்டார்கள் என்று எதிரணிக்குத் தெரியும்; மொத்தப் பேரும் உள்ளே வந்து அடைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் சொல்வீர்களே, கூடைக்குக் கீழே தேர்த்திருவிழாக் கூட்டம் என்று, அதேதான். வெளியே இருந்து போடத் தெரிந்த இரண்டு பேரை வாங்காமல் பயிற்சியாளரைத் திட்டி என்ன பயன்? இதைச் சொன்னதற்கு அண்ணன் இரண்டு நாள் என்னை "மிஸ்டர் கோச்" என்று கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை கூத்தைக் கேளுங்கள். பாஸ்டனில் ஆட்டம். பாஸ்டன் இந்த சீசனில் முன்னணி அணி. நாங்கள் செராஸ் பக்கம் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் பார்க்கப் போயிருந்தோம். உச்சியில் மெஷின் ரூம், அங்கே சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. அண்ணன் கைப்பேசியைக் கருவிப்பையின் மேல் நிறுத்தி வைத்தார். இடைவேளையில் 66-47, டெட்ராய்ட் முன்னிலை! என் கையில் ஸ்பேனர், அவர் கையில் கிரீஸ் துணி, இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பேசினால் திருஷ்டி பட்டுவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கரைந்தது. கடைசி நிமிஷங்களில் படம் உறைந்து நின்றது, பந்து காற்றில் தொங்கியபடி. திரும்ப வந்தபோது கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 128-122, தோல்வி. இருபத்தெட்டாவது. நான் அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கைப்பேசியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஏற்கெனவே முடுக்கின போல்ட்டை மறுபடி முடுக்கினார்.

மாமா, அந்த நேரத்தில் நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். நான் ஆறாவது படிக்கும்போது நம் ஊர்ப் பையன்கள் வெளியூர் அணியிடம் படுமோசமாகத் தோற்ற ராத்திரி. மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பொட்டலத்தை அப்படியே கேலரியில் வைத்துவிட்டு எழுந்தீர்கள். வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. அத்தை தட்டைப் போட்டதும் "இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றீர்கள். மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். நான் கேட்டதற்கு, "எதிர்த்த டீமைப் பார்க்கப் போறேன்" என்றீர்கள். அத்தை அடுப்படியிலிருந்து சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அண்ணனும் வெள்ளிக்கிழமை அதே மாதிரி சத்தியம் செய்தார். போதும், சந்தாவை நிறுத்தப் போகிறேன், இனி மலேசிய ஆட்டம் மட்டும்தான் என்றார். இங்கே மலேசியா டிராகன்ஸ் என்று ஓர் அணி 2016-ல் ஆசியான் லீக் கோப்பையை வாங்கியது. அண்ணன் அப்போது இங்கே இருக்கிற மாபா கூடைப்பந்து அரங்கத்துக்கு நேரில் போய்ப் பார்த்தவர். 2020-ல் கொரோனா வந்து அந்த லீக்கே பாதியில் நின்றது. அதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். "என் ராசி அப்படிலா."

இன்று காலை ஏழு மணிக்கு போன். "சும்மாதான் கூப்பிட்டேன். பசியாற வர்றியா?"

எதிரணி டொரான்டோ. அதே நாளில்தான் டொரான்டோக்காரர்கள் ஓஜி அனுனோபியையும் இன்னும் இரண்டு பேரையும் நியூயார்க்குக்கு மாற்றியிருந்தார்கள். "பாதி டீம் ஏர்போர்ட்ல நிக்குது, இன்னிக்கும் தோத்தா நான் ரொட்டி சுடப் போயிடறேன்" என்றார் அண்ணன். கேட் கன்னிங்ஹாம் 30 புள்ளி. கடைசி ஒரு நிமிஷம் முடிய எங்கள் தே தாரிக் ஆறி ஆடை கட்டிவிட்டது. 129-127. மணி அடித்ததும் அரங்கம் முழுக்க எழுந்து நின்று கத்தியது, கோப்பை வாங்கின மாதிரி. கடைக்காரத் தம்பி கல்லிலிருந்து திரும்பிப் பார்த்து "மெனாங்?" என்றான், ஜெயித்தார்களா என்று. அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. புகை என்று நானே வைத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "பார்த்தியா, கடைசியில எப்படிப் பதறுறானுங்க? ஒரு ஆள் பந்தைப் பிடிச்சு வைக்க மாட்டேங்கறான்" என்று ஆரம்பித்தார். இப்போது கணக்கு மூன்று வெற்றி, 29 தோல்வி. அடுத்தது ஹியூஸ்டனில். அதற்கும் என்னை வரச் சொல்லியிருக்கிறார், ரொட்டி என் செலவாம்.

சரி, ஒரு முக்கியமான விஷயம். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து இந்தியர்களுக்கு முப்பது நாள் விசா இல்லாமலே மலேசியாவுக்குள் வரலாம். வருகைப் படிவம் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். திருச்சியிலிருந்து நேராக விமானம் இருக்கிறது. ஜனவரி 25 தைப்பூசம். அத்தைக்குக் கால் முடிந்தால் பத்துமலையில் கீழே நின்றாவது முருகனைக் கும்பிடட்டும், 272 படி ஏற வேண்டாம். உங்களை அண்ணனுக்குக் காட்ட வேண்டும். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அந்தக் கைப்பேசி தாங்குமா என்பதுதான் என் கவலை.

வருவதாக இருந்தால் மாவடு ஒரு பாட்டில். மூடியை நன்றாக ஒட்டிக் கொண்டுவாருங்கள்.

உங்கள் மருமகன்