தூக்குவாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

எங்கள் அப்பாவுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கும், கொடுக்க வந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும், மதுரையில் அந்த வார்டில் கூட இருந்தவர்களுக்கும், ஊரில் எங்கள் வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உங்களில் பாதிப் பேருடைய பெயரே எனக்குத் தெரியாது. ரத்தப் பையில் நம்பர்தான் ஒட்டியிருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்காது. எதற்கென்று தெரியாமலே அந்த நம்பர்களைக் கடை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். மொத்தம் 38. பெயிண்ட் டப்பா கணக்குக்குக் கீழே அந்த 38 நம்பர்களும் இப்போதும் இருக்கின்றன. முகவரி தெரியாத கடிதத்தைப் பொதுவில்தானே வைக்க முடியும், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 68 வயதுவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததில்லை. 2023 ஐப்பசியில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தது. கால் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. மானாமதுரையில் ரத்தம் பார்த்தவர்கள், நிற்காமல் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணு ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அப்பாவுக்கு 9,000 இருந்தது. ரத்தப் புற்றுநோய்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மருந்து ஏறினால் கெட்டதோடு நல்ல அணுக்களும் போய்விடும். ரத்த அணுக்கள் உருவாகிற எலும்பு மஜ்ஜை மறுபடி வேலைக்கு வர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை அடுத்தவர் ரத்தத்தில்தான் ஓட்ட வேண்டும். சிவப்பணுவைக் குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாம். பிளேட்லெட் அப்படியில்லை. ஐந்தே நாள். அதுவும் 22 டிகிரியில், தொட்டில் போல விடாமல் ஆடிக்கொண்டிருக்கும் தட்டில் வைத்தால்தான். வாங்கிச் சேர்த்து வைக்கவே முடியாது, கொடுக்கிறவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலம் வேறு. டெங்கு வந்த வீடுகளும் அதே வாசலில்தான் நின்றன. போதாக்குறைக்கு அப்பாவுக்கு பி நெகட்டிவ். நம் நாட்டில் நூறு பேரில் ஐந்தாறு பேருக்குத்தான் நெகட்டிவ் வகையே இருக்கிறதாம். அதிலும் பி என்றால் எங்கே போய்த் தேடுவது? எனக்கு பி பாசிட்டிவ். பெற்ற மகன் ரத்தம் அப்பாவுக்குச் சேரவில்லை.

இரண்டாம் நாள் இரவு டீக்கடையில் நின்றபோது ஒருவர் பக்கத்தில் வந்து, ஐயாயிரம் கொடுத்தால் பையனை வரச் சொல்கிறேன் என்று காதோடு சொன்னார். ரத்தத்தை விற்கவும் வாங்கவும் கூடாதென்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 முதலே தடை இருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். பர்ஸை எடுத்துவிட்டேன். டீ மாஸ்டர்தான் பால் சட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து அந்த ஆளை விரட்டினார். பிறகு சுவரில் கரியால் எழுதியிருந்த ஒரு நம்பரைக் காட்டினார். ரத்ததானம் செய்கிற கல்லூரிப் பையன்களின் நம்பர். மாஸ்டர் அண்ணே, அந்த டீக்கு நான் காசு கொடுக்காமலே ஓடிவிட்டேன். நீங்களும் கேட்கவில்லை.

அன்று இரவு பதினொன்றரை மணிக்கு இரண்டு பைக்கில் நான்கு பையன்கள் வந்தார்கள். மறுநாள் அவர்களுக்குப் பரீட்சை. அதன் பிறகு ஒரு காவலர் பந்தோபஸ்து முடித்து நேராக யூனிஃபார்மிலேயே வந்தார். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர் செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு என்பதால் செவ்வாய்தோறும் போன் செய்து, "இன்னிக்குத் தேவைப்படுதா?" என்று கேட்டார்.

தீபாவளி அன்றைக்கு நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. கொடுக்கக்கூடியவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்குப் பிளேட்லெட் 8,000க்கு இறங்கி மூக்கில் ரத்தம் வந்தது. முதல் நாள் இரவு யாரோ யாருக்கோ சொல்லி, காலை ஒன்பதரைக்கு ஒருவர் வந்து நின்றார். புதுச் சட்டை, காலரில் மஞ்சள் பொட்டு, தலையில் சீயக்காய் வாசம். மெஷினில் உட்கார்ந்து பிளேட்லெட் மட்டும் கொடுப்பது என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ரத்தம் வெளியே போய், வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சம் உடம்புக்கே திரும்பி வரும். அதற்கு முன் எண்ணெய், கொழுப்பு சாப்பிட்டிருந்தால் ரத்தம் பால் மாதிரிக் கலங்கிவிடும், எடுக்க மாட்டார்கள். டெக்னீஷியன் கேட்டார், "தீபாவளியாச்சே, கறி சாப்பிட்டீங்களா?"

"இல்ல சார். போன்லயே சொல்லிட்டாங்க. மூணு இட்லி, தொட்டுக்கச் சட்னி, அவ்வளவுதான். கறிக்குழம்பு வீட்ல மூடி வச்சிருக்கு."

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. தீபாவளிக் காலையில் இட்லியைப் போட்டுக்கொண்டு கறிக்குழம்பை ஊற்றாமல் எழுந்த ஒரு மனிதரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் பெயரைக் கேட்டேன். "பேர் எதுக்குண்ணே" என்று சிரித்துவிட்டு, கையில் பஞ்சோடு பைக்கை உதைத்துப் போய்விட்டார்.

கொடுக்க முடியாமல் திரும்பியவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்த்திருக்கிறேன். என் டைரியில் அதற்குத் தனிப் பக்கம் இருக்கிறது, 11 பேர். திருப்புவனத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அக்காவுக்கு ஹீமோகுளோபின் 11.8 இருந்தது. 12.5 இல்லாமல் எடுக்க மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நான் ஆறுதல் சொல்லப் போனால், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் தன் அலுவலகத்து ஆட்கள் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு இரண்டு பேரை வரவழைத்த பிறகுதான் எழுந்தார். இன்னொரு தம்பி, போன மாதம் கையில் காதலி பெயரைப் பச்சை குத்தியிருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார். "அந்தப் புள்ளையாலதான்ணே எல்லாம்" என்று தலையில் அடித்துக்கொண்டதில் அப்பாவே சிரித்துவிட்டார். தம்பி, அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து நன்றி.

வார்டில் பக்கத்துக் கட்டில், பரமக்குடிப் பக்கத்துக் குடும்பம். அந்த அம்மா வெந்நீர் பிடிக்கக் கீழே போகும்போதெல்லாம் வரிசையாக மூன்று நான்கு ஃபிளாஸ்க்குகளைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார். யாரும் கேட்கவில்லை. அவராகவே எடுப்பார், நிரப்பி அதனதன் இடத்தில் வைப்பார். அவருடைய வீட்டுக்காரருக்கு எங்கள் அப்பாவைவிட மோசமான நிலை. மூன்று நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் நான் கீழே போகும்போது என் ஃபிளாஸ்க்கோடு எதிர்க்கட்டில் பெரியவரின் ஃபிளாஸ்க்கையும் என் கை எடுத்தது. எனக்கு நடந்தது இவ்வளவுதான். உபதேசம் எதுவும் இல்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எங்கள் ஊர் மண்டபத்தில் ரத்ததான முகாம் நடந்தால் பின்சந்து வழியாகக் கடைக்குப் போகிறவன். கடையில் நின்று வேலை பார்ப்பவன் மயங்கி விழக்கூடாது, சுகர் இருந்தாலும் இருக்கும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருபது வருடம் காரணம் வைத்திருந்தேன். உண்மையான காரணம் ஊசி பயம். அதை இப்போதுதான் வெளியில் சொல்கிறேன், என் மனைவிக்கே தெரியாது.

இரவுப் பணியில் இருந்த சிஸ்டர், உங்களிடம் நன்றியைவிட மன்னிப்புதான் முதலில் கேட்க வேண்டும். ஊசி நரம்பைவிட்டு விலகி அப்பாவுக்குக் கை வீங்கிய இரவில் நான் உங்களைக் கத்தினேன். 30 பேரை நீங்கள் ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் பதில் பேசவில்லை, ஐஸ் ஒத்தடம் வைத்துவிட்டுப் போனீர்கள். காலையில் டூட்டி முடிந்து போகும்போது, "அப்பா தூங்கினாரா?" என்று என்னிடமே வந்து கேட்டீர்கள். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தரை துடைக்க வருகிற அக்கா, அப்பா லைன்மேன் என்று தெரிந்ததும் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதில் எந்த ஃபியூஸ் லூசாக இருக்கிறது என்று அப்பா தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 44 நாளில் அவர் நோயாளியாக இல்லாமல் வேலைக்காரராக இருந்த நேரம் அது ஒன்றுதான்.

ஊரில் மாட்டைக் கறந்து, பாலைச் சொசைட்டிக்கு ஊற்றி, காசைப் பைசா குறையாமல் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்த பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்கும், 44 நாள் சம்பளத்தைப் பிடிக்காத முதலாளிக்கும் நேரிலேயே சொல்லிவிட்டேன். போனை அணைத்து வைத்துவிட்ட சில உறவினர்கள் மீதும் கோபம் இல்லை. பின்சந்து வழி எனக்குத் தெரியாததா!

மார்கழி பிறந்த அன்று அப்பா வீட்டுக்கு வந்தார். பொங்கலன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரும்பைக் கடிக்கக்கூடாது என்று சொன்னதை மீறிக் கடித்தார். பேரனைக் கூப்பிட்டு, எர்த் கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்று பாடம் எடுத்தார். மாசியில் நோய் திரும்பி வந்தது. அக்னி நட்சத்திரம் முடிந்த வாரம், தன் சொந்தக் கட்டிலில், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். அப்புறம் எதற்கு இவ்வளவு ரத்தம் என்று துக்கம் கேட்க வந்த ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பொங்கலைப் பற்றித் தெரியாது. அது நீங்கள் 38 பேரும் சேர்ந்து வைத்த பொங்கல்.

இதுவரை மூன்று முறை ரத்தமும் இரண்டு முறை பிளேட்லெட்டும் கொடுத்திருக்கிறேன். ஊசி குத்தும்போது இப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறேன். மெஷினில் உட்கார்ந்தால் உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், கால்சியம் மாத்திரை தருவார்கள், சரியாகிவிடும். டீக்கடைச் சுவரில் அந்தக் கரி நம்பருக்குக் கீழே என் நம்பரும் இருக்கிறது. மாஸ்டர்தான் எழுதினார். என் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார், பரவாயில்லை.

கடைசியாக ஒரு விஷயம். தீபாவளி அன்று மத்தியானம் யாரோ ஒருவர் எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை வைத்துவிட்டுப் போயிருந்தார். நாங்கள் ரத்த வங்கியில் இருந்த நேரம். திறந்தால் பத்து இட்லி, மேல் தட்டில் கறிக்குழம்பு. இரண்டும் இரண்டும் சேர்த்துப் பார்த்தால் யாருடையது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, உறுதியாகத் தெரியாது. பக்கத்துக் கட்டில் அம்மாவைக் கேட்டால், "யாரோ ஒரு பொம்பளப் புள்ள வந்து வச்சுட்டுப் போச்சுப்பா, நீங்க சாப்டீகளா மொதல்ல?" என்றார். வாளியின் கழுத்தில் ‘ச.மு.’ என்று வெட்டியிருக்கிறது, பக்கத்தில் ஒரு சின்ன நசுங்கல்.

அது எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது அம்மாவின் கணக்கு. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்குச் சுட்டதும் முதல் ஈட்டை அதில்தான் போட்டு மூடி வைக்கிறார். பொங்கல்வரை யாரும் வராவிட்டால் பிள்ளைகள் தின்றுவிடுகிறார்கள். இந்த வருடமும் போட்டு வைத்திருக்கிறார். டீக்கடை மாஸ்டரிடம் சொன்னால் போதும், நானே மதுரைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.