அது சுற்றுலாச் சாலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ருஷ்ய ஓவியர் ஐசக் லெவித்தான் பற்றிய கட்டுரையில், 'விளாதிமிர்கா' ஓவியத்தின் கீழே 'மனதை வருடும் கிராமத்துச் சாலை' என்று போட்டிருக்கிறீர்கள். ஜார் காலத்தில் கைதிகளைக் கால் விலங்கோடு சைபீரியாவுக்கு நடத்திப்போன சாலை அது என்பது தாங்கள் அறியாததல்ல. வருடல் எங்கிருந்து வந்தது? படத்தில் கைதி ஒருவர்கூட இல்லைதான். ஆனால் வண்டித்தடத்தை ஒட்டி, கால்கள் மிதித்து மிதித்தே விழுந்த ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றனவே! வலப்பக்கம், சாலையோரச் சிலுவையருகே கோலூன்றி ஒரு பெண் பொட்டுப் போல நிற்பாள். உங்கள் பக்கத்தில் அவளைக் காணோம். ஊறுகாய் விளம்பரத்துக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

இதை வரைந்த அதே 1892-இல்தான், யூதர் என்பதற்காக அவரை மாஸ்கோவை விட்டு வெளியேற்றினார்கள். மாணவராக இருந்தபோது 1879-இலும் இதே கதி. இதற்கெல்லாம் ஒரு வரி கிடையாது. எழுத்தாளர் செகாவுடன் மனஸ்தாபம், காதல் கிசுகிசு என்றால் மட்டும் முழுப்பக்கம்.

அத்தனை திறமைக்கும் கலைப்பள்ளி கடைசியில் கொடுத்தது கையெழுத்துப் பயிற்சி ஆசிரியர் என்ற சான்றிதழ். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதில் ஆச்சரியமில்லை. என் பாடவேளை கணக்கு வாத்தியாருக்குப் போகும். ஆண்டு விழா வந்தால்தான் "சார், பேனர் எழுதணும்" என்று தேடுவார்கள்.

லெவித்தானின் குருநாதர் சவ்ராசவின் 'காக்கைகள் வந்துவிட்டன' படத்தை முன்பொரு தீபாவளி மலரில் இன்னொரு ருஷ்ய ஓவியரான ஷீஷ்கின் பெயரில் போட்டீர்கள். வேலையும் போய், குடியிலும் வறுமையிலும் 1897-இல் செத்த மனிதர். மிச்சமிருந்த பெயரையும் பிடுங்கிக்கொண்டீர்கள். அப்போது எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. அதே உறையில் வைத்திருந்த நகைச்சுவைத் துணுக்கு மட்டும் வெளியானது. நன்றி.

'சோவியத் நாடு' இதழைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போட்ட தலைமுறை நாங்கள். அட்டைக்குப் போன படங்கள்கூட உங்கள் பக்கத்தைவிடத் தெளிவாக இருந்தன.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்தப் படத்தை வெட்டாமல், நடுவில் பின் அடிக்காத பக்கமாகப் பார்த்து, 'விளாதிமிர்கா, 1892, திரெத்யகோவ் கலைக்கூடம், மாஸ்கோ' என்று மட்டும் போட்டு வெளியிடுங்கள். என் சந்தா முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்