பழைய கருவியைத் தூசி தட்டுகிறேன்: பயனர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயனர்களுக்கு,

வணக்கம். எட்டு வருடமாக உங்கள் மடல்களுக்குப் பதில் போடாதவன் எழுதுகிறேன். விண்டோஸ் 7 காலத்தில், மவுஸைத் தொடாமல் சாளரங்களை இடம், வலம், மூலை என்று நகர்த்த ஒரு சின்னக் கருவி எழுதினேனே, அதை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். விட்டதற்குக் குழந்தை, வேலை மாற்றம் என்று காரணம் அடுக்கலாம். உண்மையில் சலித்துப்போய்த்தான் விட்டேன்.

எனக்குக் கிடைப்பது ஞாயிறு காலை நான்கு மணி நேரம். அதுவும் விருந்தாளி வராத ஞாயிறு. அதனால் புதிதாக எந்த வசதியும் கேட்காதீர்கள். இருப்பதிலேயே பாதியை வெட்டப்போகிறேன்.

மைக்ரோசாஃப்ட் 2019-இல் பவர்டாய்ஸ் என்ற இலவசக் கருவித் தொகுப்பை மீண்டும் கொண்டுவந்தபோது, திரையைப் பகுதிகளாகப் பிரித்துச் சாளரங்களை அடுக்கும் ஃபேன்சிசோன்ஸும் அதில் வந்தது. 2021-இல் விண்டோஸ் 11, சாளரங்களை அடுக்கும் ஸ்னாப் லேஅவுட் வசதியைத் தானே தந்தது. உங்களுக்கு அவையே போதும் என்றால் தாராளமாக அங்கே போங்கள். எனக்கு வருத்தம் இல்லை. நம்முடையது ஒரே ஒரு கோப்பு, இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். இடப்பக்கம் கைப்பிரதி, வலப்பக்கம் அச்சுப் பக்கம் என்று வைத்துக்கொண்டு மெய்ப்புப் பார்க்கும் ஒரு டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) நண்பர் இன்னும் இதைத்தான் பயன்படுத்துகிறாராம். அவர் எழுதிய இரண்டு வரியைப் படித்த பிறகுதான் மூலநிரல் இருந்த பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடினேன்.

தேடி எடுத்து ஓட்டிப் பார்த்தால், மானம் போயிற்று. பாதி பாதியாக வைத்த இரண்டு சாளரங்களுக்கு நடுவே ஒரு சந்து. விண்டோஸ் 10-இல் சாளரத்தின் இடம், வலம், கீழ் என மூன்று பக்கமும் கண்ணுக்குத் தெரியாத ஓரம் உண்டு, சாதாரண அளவில் ஏழு பிக்சல். நான் பழைய வழியில் அளவு கேட்கிறேன். அது அந்த ஓரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. சாளரங்களைத் திரையில் வரைந்து காட்டும் டி.டபிள்யூ.எம். என்ற விண்டோஸ் பகுதியிடம் கேட்டால் உண்மையான எல்லை கிடைக்கும். கிடைத்ததும் அடுத்த வம்பு தொடங்கும். திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு லேப்டாப்பில் 150 சதவீதமாகவும் வெளி மானிட்டரில் 100 சதவீதமாகவும் இருந்தால், ஒரு பதில் நிஜப் பிக்சலிலும் இன்னொன்று பெருக்கி வகுத்த கணக்கிலும் வருகிறது. இரண்டையும் கழித்தால் வருவது குப்பை. ஆகவே ஒவ்வொரு மானிட்டரின் அளவையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ளும் நிரலாக முதலில் இதை மாற்ற வேண்டும். அதற்கான சரியான வழி 2017-இல்தான் விண்டோஸ் 10-க்கு வந்தது. நான்கு ஞாயிறுகள் இதற்கே போய்விடும் என்று நினைக்கிறேன். என் கணக்கு வழக்கமாக இரண்டு மடங்காகும்.

வெட்டுவது முதலில் மெய்நிகர் டெஸ்க்டாப் (ஒரே கணினியில் பல திரைகள் போல மாற்றிக்கொள்வது) வசதியை. அடுத்தவர் நிரலின் சாளரத்தை வேறு டெஸ்க்டாப்புக்கு மாற்ற மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில் உள்ள வழி அனுமதிப்பதில்லை. ஆவணத்தில் சொல்லாத திருட்டு வழியோ விண்டோஸ் புதுப்பிக்கும்போது உடைகிறது. ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் ஓட எனக்குத் தெம்பில்லை. தோல், நிறம், அசைவு எல்லாமும் போகின்றன. விண்டோஸ் 7-க்கும் புதிய பதிப்பு வராது. சோதிக்க என்னிடம் அந்தக் கணினி இல்லை. பழைய கோப்பை அப்படியே விட்டுவைக்கிறேன். டி.டி.பி. நண்பரே, உங்களுடையது விண்டோஸ் 7 என்றால் எதையும் மாற்றாதீர்கள்.

"டாஸ்க் மேனேஜர் மட்டும் நகரவில்லை" என்று பலர் எழுதியிருந்தீர்கள். அது வழு இல்லை. நிர்வாகி உரிமையில் ஓடும் நிரலைச் சாதாரண நிரல் தொடக்கூடாது என்று விஸ்டா காலத்திலிருந்தே தடை. தடை நல்லதற்குத்தான், இருக்கட்டும்.

வழு சொல்ல வருகிறவர்கள் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் என் ஞாயிறு உங்களிடம் கேள்வி கேட்பதிலேயே கழியும். விண்டோஸ் பதிப்பு, எத்தனை மானிட்டர், ஒவ்வொன்றின் சதவீதம், எந்த நிரலின் சாளரம் என்ற நான்கையும் எழுதுங்கள். ஆன்டிவைரஸ் கத்தினால் அதன் பெயரையும் சேருங்கள். விசைப்பலகையை ஒட்டுக்கேட்கும் எந்த நிரலும் அதற்குத் திருடனாகத்தான் தெரியும். அந்த ஒட்டுக்கேட்பையே எடுத்துவிட்டு, விசைகளை விண்டோஸிடம் முறையாகப் பதிவு செய்யப் பார்க்கிறேன்.

மூலநிரலை, யாரும் பார்த்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜி.பி.எல். உரிமத்தில் திறந்துவிடுகிறேன். மேக்கில் இதே போலச் சாளரம் நகர்த்தும் ஸ்பெக்டக்கிள் என்ற கருவி நின்றபோது அதன் அடியொற்றி ரெக்டாங்கிள் வந்தது. விண்டோஸில் ஆல்ட்டிராக் என்ற சாளரக் கருவியிலிருந்து ஆல்ட்ஸ்னாப் கிளைத்தது. எழுதியவன் ஓய்ந்தாலும் மூலநிரல் திறந்து கிடந்ததால் வேறு ஒருவர் வந்து தொட முடிந்தது. நானோ எட்டு வருடம் அதைப் பூட்டியே வைத்திருந்தேன். உங்களில் சி மொழி தெரிந்தவர் ஒருவர் மாதம் ஓர் ஞாயிறு தந்தால் போதும். நான் மறுபடி காணாமல் போனால் புதிய பதிப்பை வெளியிடும் சாவி அவரிடம் இருக்கும்.

விசை மோதலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் பதிப்பில் ஆல்ட்டோடு எண்களை வைத்திருந்தேன். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்.எச்.எம். ரைட்டரில் தமிழுக்கு மாறவும் அதே விசைதான் என்று பத்துப் பேர் திட்டிய பிறகே உறைத்தது. உடனே கன்ட்ரோல், ஆல்ட்டோடு எழுத்துகளுக்கு மாற்றினேன். ஐரோப்பிய விசைப்பலகைகளில் ஒரு விசையின் கூடுதல் குறியைத் தட்ட உதவும் ஆல்ட்ஜிஆர் விசை அதே கன்ட்ரோல், ஆல்ட்டாகத்தான் வந்து சேரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கியூ எழுத்தை இடப்பாதிக்குக் கொடுத்தேன். ஜெர்மன் விசைப்பலகையில் @ குறி அங்கேதான் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரி தட்டப்போனால் சாளரம் இடப்பக்கம் ஓடுகிறது என்று ஒருவர் பொறுமையாக மூன்று முறை எழுதியிருந்தார். ஐயா, மன்னியுங்கள். அடுத்த பதிப்பில் உங்கள் @ உங்களிடமே வந்துவிடும்.

அன்புடன்,
கருவியை எழுதியவன்