பிழைத்தாள்களைக் காத்துத் தந்தவருக்கும், உடன் நின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணிக் கரையில் நடந்ததை நான் இங்கே மறுபடியும் விவரிக்கத் தேவையில்லை. இம்மடலைப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் அந்த வெள்ளத்தில் எங்களோடு நின்றவர்கள். பாதியில் நின்றுபோன அரையாண்டுத் தேர்வை முடித்துக்கொண்டு, ஆறு முதல் பத்து வரை எங்கள் வகுப்புகள் அனைத்தும் அவரவர் அறைக்குத் திரும்பிவிட்டன என்ற செய்தியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். வரவிருக்கும் பொதுத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாலை வகுப்பில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடற்கரையிலிருந்து படகுகளோடு வந்து சேர்ந்த மீனவச் சகோதரர்கள், வகுப்பறைகளில் படிந்த சேற்றை மண்வெட்டியால் அள்ளி வெளியேற்றிய பெற்றோர், பெஞ்சுகளைக் கழுவி வெயிலில் காயவைத்த முன்னாள் மாணவர்கள், ஆய்வகக் கருவிகளை இரவல் தந்த பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், நனைந்த பாடநூல்களுக்கு மாற்று நூல்கள் கிடைக்கச் செய்த கல்வித் துறை அலுவலர்கள், வெளியூரிலிருந்து நோட்டும் பேனாவும் அனுப்பிய முகம் தெரியாத நல்லவர்கள் ஆகிய ஒவ்வொருவரையும் நேரில் கண்டு கைகூப்ப வேண்டும். இப்போதைக்கு இந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அவர் செய்த உதவியின் அளவு விளங்க வேண்டுமானால், எங்கள் பள்ளியில் பாடம் நடக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்களுடையது சிறிய உயர்நிலைப்பள்ளி. வகுப்புக்கு ஒரே பிரிவு. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பின்னம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரே, அதே பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் இயற்கணிதமும் கற்றுக்கொடுக்கிறார். பெரிய பள்ளிகளில் இருக்கும் பல வசதிகள் எங்களிடம் இல்லை. ஆனால், ஒரு பிள்ளை எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் தடுமாறத் தொடங்கியது என்பதை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு உண்டு. படிப்பையே முதன்மையாகக் கொண்ட சிறிய பள்ளியின் பலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வாய்ப்பை வீணாக்கக் கூடாது என்பதற்காக, எனக்கு முன்னிருந்த ஆசிரியர்கள் பிழைத்தாள் எழுதும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். தேர்வுத் தாளைத் திருத்தும்போது பல பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறியிருந்தால், அந்தத் தவறான விடையை அப்படியே, பெயரில்லாமல், ஒரு தாளில் எழுதிவைப்பார்கள். மறுநாள் அது கரும்பலகைக்கு வரும். எந்த வரியில் வழுக்கியது, ஏன் அது சரியாகத் தோன்றியது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். மதிப்பெண் அதற்குப் பிறகுதான் சொல்லப்படும்.

எடுத்துக்காட்டாக, (a+b)² என்பதை a²+b² என்று எழுதும் பிழை ஆண்டுதோறும் வரும். சூத்திரத்தைப் பத்து முறை எழுதிவரச் சொன்னால் அது அடுத்த தேர்வில் திரும்பவும் வந்து நிற்கும். எங்கள் தாளில் a-க்கு 3, b-க்கு 4 என்று இட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கும். ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. விட்டுப்போன 24 எங்கே போயிற்று என்று கேட்டு, பக்கம் 7 உள்ள சதுரம் ஒன்றை வரையச் சொல்லியிருக்கும். மூலையில் மிஞ்சும் இரண்டு செவ்வகங்களை, தலா 12 சதுர அலகுகளோடு, தன் கையால் வரைந்து பார்த்த பிள்ளை 2ab என்ற உறுப்பை மறப்பதில்லை. 9, 16 ஆகியவற்றின் கூடுதலுக்கு வர்க்கமூலம் கேட்டால் 7 என்று எழுதும் பிழைக்கும் இதே வேர்தான் என்பதையும் அடுத்த தாள் சுட்டிக்காட்டும். தமிழிலும் இப்படித்தான். 'பள்ளியை கட்டினர்' என்று 'க்' என்ற ஒற்றெழுத்தை விட்டு எழுதும் பிள்ளைக்கு, இரண்டாம் வேற்றுமை விரியில், அதாவது 'ஐ' உருபு வெளிப்பட்டு வரும் இடத்தில், வல்லினம் மிகும் என்ற விதியை முதலில் சொல்லாமல், ஒற்று மிகும் தொடர்களையும் மிகாத தொடர்களையும் கலந்து தந்து, விதியை அவர்களையே வருவிக்கச் செய்வோம்.

இதனால் தேர்வை நாங்கள் அலட்சியப்படுத்துகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14 என முப்பதைக் கைக்குள் வைத்துக்கொண்டு தேர்ச்சிக்கான 35-ஐ எட்டும் வழியை மெல்லக் கற்போருக்கு நாங்களும் கற்றுக்கொடுக்கிறோம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தேர்ச்சி என்பது அடுத்த கதவு திறப்பதாகும். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்த முப்பதோடு ஒரு பிள்ளையை நிறுத்திவிட எங்களால் முடிவதில்லை. 2019-இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது, பாடத்தின் பின்பகுதி வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்து பழகிய பல இடங்களில் கலக்கம் ஏற்பட்டது. பிழைத்தாளோடு வளர்ந்த எங்கள் பிள்ளைகள் புது வினாவைக் கண்டு மிரளவில்லை.

அந்தத் தாள்கள் அனைத்தும் தலைமையாசிரியர் அறையின் மர அலமாரியில் இருந்தன. தண்ணீர் வடிந்து அலமாரியைத் திறந்தபோது அவை நீலக்கறை படிந்த கட்டிகளாக இருந்தன. பேனா மையில் எழுதியவை. ஒரு வரிகூட மிஞ்சவில்லை. கட்டடத்தைப் பூசலாம், மேசையை வாங்கலாம். ஓய்வுபெற்றுப் போனவர்களும், சிலர் மறைந்தும் போனவர்களுமான அந்த ஆசிரியர்கள் பிள்ளைகளின் தவறுகளை ஊன்றிப் பார்த்து எழுதியவற்றை எந்தக் கடையில் வாங்குவது என்ற துயரம் என்னை வாட்டியது.

அப்போதுதான் கடைவீதியில் செராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, தன் டிவிஎஸ் வண்டியில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் கடைக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் நின்றது, இயந்திரம் பாழாகிவிட்டது. ஆனால் பரணில் இருந்த அந்த மூட்டை தப்பியிருந்தது. எங்களுக்காக நகல் எடுத்த ஒவ்வொரு தாளிலும் முதல் பிரதியை அவர் எடுத்துவைத்திருக்கிறார். ஒருமுறை ஒரு சிறுமி தாளைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு கடைக்கு வந்ததாகவும், அன்று முதல், "பிள்ளைங்க கேட்டு வந்தா இல்லன்னு சொல்லக் கூடாதுல்லா சார்" என்று வைக்கத் தொடங்கியதாகவும் சொன்னார். வகுப்புவாரியாகப் பிரித்து, மூலையில் துளையிட்டு, சணல் கயிற்றால் கோத்திருந்தார். ஓரத்தில் உள்ளவை ஈரம் பட்டு அலையலையாகச் சுருங்கியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. நகல் எடுக்கும் பொடி தாளோடு உருகி ஒட்டிக்கொள்வதால் அது மையைப் போலக் கரைவதில்லை என்பதையும் அவர்தான் எனக்கு விளக்கினார்.

எட்டாம் வகுப்புக் கட்டைப் புரட்டியபோது ஒரு தாளின் விளிம்பில் பென்சிலால் எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது. சதுரத்தின் பக்கத்தை இரு மடங்காக்கினால் பரப்பளவும் இரு மடங்காகும் என்ற பிழையைப் பற்றிய தாள் அது. "ஏ4-ஐ ஏ3 ஆக்க 141 வைக்கிறோம். 200 வைத்தால் நாலு தாள் வேணும்" என்று அண்ணாச்சியின் கையெழுத்தில் இருந்தது. 141, 200 என்பவை நகல் இயந்திரத்தில் வைக்கும் உருப்பெருக்கச் சதவீதங்கள். ஏ3 தாளின் பரப்பளவு ஏ4-ஐப் போல் சரியாக இரு மடங்கு. அதற்கு நீளத்தையும் அகலத்தையும் 1.41 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம் அளவுக்கு, பெருக்கினால் போதும். ஒன்பதாம் வகுப்பில் விகிதமுறா எண் என்று நான் கற்பிக்கும் √2, அவர் தினமும் அழுத்தும் பொத்தானில் இருந்திருக்கிறது. வடிவொத்த உருவங்களின் பரப்பளவுகள் பக்கங்களின் வர்க்க விகிதத்தில் அமையும் என்று பத்தாம் வகுப்பில் வரும் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. எங்கள் வினாவைப் பிள்ளைகளுக்காக நகல் எடுத்தபடியே அவர் தானும் சிந்தித்திருக்கிறார் என்பதை எண்ணும்போது, ஆசிரியப் பணியில் இத்தனை ஆண்டுகள் இருந்ததற்கு நிறைவு கிடைத்ததாகவே உணர்கிறேன்.

அண்ணாச்சி பணம் வாங்க மறுத்துவிட்டார். ஆனால் ஒரு வேண்டுகோளை ஏற்றுக்கொண்டார்: அவருடைய இயந்திரம் சரியானதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் கடைக்குச் செல்வார்கள், 141-க்கும் 200-க்கும் உள்ள வேறுபாட்டை அவரே நடத்திக் காட்டுவார். இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்றிருக்கிறார்கள். அவருடைய விளிம்புக் குறிப்பு எங்கள் தொகுப்பில் புதிய தாளாக, அவர் ஒப்புதலோடு, சேர்ந்துவிட்டது.

இனி ஒவ்வொரு தாளுக்கும் மூன்று பிரதிகள் இருக்கும்: ஒன்று பள்ளி மாடியில், ஒன்று பக்கத்துப் பள்ளியின் இரும்பு பீரோவில், ஒன்று அதே பரணில். வெள்ளத்தில் தாங்கள் சேர்த்துவைத்தவற்றை இழந்த எந்தப் பள்ளி ஆசிரியர் கேட்டாலும் முழுத் தொகுப்பையும் தருவோம். எங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டிய தேவையில்லை.

கணிதம், அறிவியல், தமிழ்த் தாள்கள் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்துவிட்டன. ஆங்கிலத்தில் ஏழாம் வகுப்புத் தாள்களும், சமூக அறிவியலில் நிலப்படப் பயிற்சித் தாள்களும் மூட்டையில் இல்லை. அவை வேறு கடையில் நகல் எடுக்கப்பட்டவை. முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ அவற்றில் ஏதேனும் இருந்தால், கிழிந்திருந்தாலும், நீங்கள் எழுதிய விடையோடு இருந்தாலும், பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுங்கள். விடையோடு இருப்பவை எங்களுக்கு இன்னும் பயன்படும்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்