பன்னிரண்டு ரோஜாவும் ஒரு ‘நீ’யும்

ஆசிரியருக்கு,

மாஸ்கோவில் நடக்கும் ஆங்கில உளவு நாவல்களைப் பற்றிய கட்டுரை, ‘ஊரையே நேரில் பார்த்த மாதிரி’ என்று அவற்றைப் புகழ்ந்திருந்தது. அந்த ஊர்க்காரர் படித்தால் அப்படிச் சொல்லமாட்டார். துப்பாக்கி, கேமரா, சங்கேத எழுத்து விஷயங்களில் நாவலாசிரியர்கள் கவனமாகத்தான் இருக்கிறார்கள். இடறுவது பூங்கொத்திலும் பெயரிலும்தான்.

ரஷ்யனாகவே பத்து வருஷம் வேஷம் போட்ட உளவாளி, காதலி வீட்டுக்குப் பன்னிரண்டு ரோஜாவோடு போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள்; இரட்டைப்படை இழவுக்கு. வாசற்படிக்கு வெளியே நின்றபடி உள்ளே இருக்கும் அவள் அப்பாவிடம் கை நீட்டுகிறான், அதுவும் ஆகாது. ஷூவைக் கழற்றாமல் உள்ளே நடக்கிறான். வோட்காவைத் தூக்கி ‘நா ஸ்தரோவ்யே’ என்கிறான். அது சாப்பாட்டுக்கு நன்றி சொன்னவருக்கு வீட்டுக்காரர் சொல்லும் பதில். கிளாஸைத் தூக்கும்போது ‘ஸா ஸ்தரோவ்யே’ என்றோ ‘வாஷே ஸ்தரோவ்யே’ என்றோதான் சொல்வார்கள். இவனைப் பிடிக்க கேஜிபி எதற்கு? காதலியின் பாட்டியே போதும்.

அடுத்தது பெயர். நம்மிடம் அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கிறது; ரஷ்யரிடம் நடுவில் முழுசாக நிற்கிறது. அப்பா நிகலாய் என்றால் மகன் நிகலாயெவிச், மகள் நிகலாயெவ்னா. குடும்பப் பெயரும் ஆணுக்கு பெத்ரோவ், பெண்ணுக்கு பெத்ரோவா. அண்ணன் செர்கேய் இவானவிச், கூடப்பிறந்த தங்கை ஓல்கா பெத்ரோவ்னா என்று ஒரு நாவலில் வந்தால், இருவருக்கும் அப்பா வேறு என்று ரஷ்ய வாசகர் முடிவுகட்டிவிடுவார். அதுதான் கதையின் முடிச்சு என்று கடைசிப் பக்கம்வரை காத்திருந்து ஏமாறுவார். செல்லப் பெயரிலும் இதே வம்புதான்: விளாதிமிர் வீட்டில் வலோத்யா அல்லது வோவா, ‘விளாத்’ என்றால் வழக்கமாக விளாதிஸ்லாவ். சாஷா ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். மேலதிகாரியைப் பெயரோடு தந்தைப் பெயரும் சேர்த்து அழைப்பார்கள். சீருடையில் இருந்தால் ‘தோழர் கர்னல்’. சோவியத் போன பிறகும் ராணுவத்தில் அது மாறவில்லை.

இந்த நாவல்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைவிடப் பெரிசு. ரஷ்ய மொழியில் ‘தீ’ என்றால் நீ, ‘வீ’ என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ‘யூ’வில் கரைந்துவிடுகின்றன. தமிழில் அந்த வித்தியாசம் உயிரோடு இருக்கிறது. ஆனால் மூலத்தில் தடயம் இல்லாததால் மொழிபெயர்ப்பாளர் குத்துமதிப்பாகப் போடுகிறார். விசாரணை அதிகாரி என்றாலே நம் சினிமா வழக்கப்படி ‘டேய், சொல்லுடா’ என்று ஆரம்பித்துவிடுகிறார். ‘நீங்கள்’ போட்டு, தந்தைப் பெயரையும் சேர்த்து நிதானமாகக் கேட்கும் அதிகாரி, நாலாவது கேள்வியில் ‘நீ’க்கு இறங்கினால்தான் ரஷ்ய வாசகருக்கு வயிறு கலங்கும். ‘நீங்கள்’ என்று பழகும் இருவர் முழங்கை கோத்துக் குடித்து முத்தமிட்டு ‘நீ’க்கு மாறுவதற்கு ‘புருதெர்ஷாஃப்த்’ என்று தனிப் பெயரே உண்டு.

செய்யக்கூடியது சுலபம். மொழிபெயர்க்கத் தொடங்குமுன் ஒரு தாளில் பாத்திரங்களின் பெயர், தந்தைப் பெயர், செல்லப் பெயர், பதவி, வயது எழுதிக்கொள்ள வேண்டும். யார் யாரை ‘நீ’ என்கிறார் என்று ஜோடி ஜோடியாகக் குறித்து, மாறும் பக்க எண்ணையும் போட்டுவிட்டால் நடுவில் குழப்பம் வராது. தந்தைப் பெயரைச் சுமை என்று வெட்டுவதும் வேண்டாம். சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்த முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா புத்தகங்களில் அவற்றை முழுசாகப் படித்துப் பழகியவர்கள்தாம் தமிழ் வாசகர்கள்.

ஊர் விவரத்தில் சில. ரஷ்யாவின் முதல் தளம் நம் தரைத்தளம். அங்கே மூன்றாவது என்றால் நமக்கு இரண்டாவது மாடி. குருஷ்சேவ் காலத்து ஐந்து தளக் குடியிருப்புகளில் பொதுவாக லிஃப்ட் கிடையாது, ஆகவே லிஃப்டுக்குள் கொலை வேண்டாம். லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஜூன் நள்ளிரவு கும்மிருட்டாக இருக்காது. ஜூலை இரவு 2 மணிக்கு நெவா ஆற்றின் தூக்குப் பாலங்கள் கப்பலுக்காகத் திறந்து நிற்கும். கார் துரத்தல் அந்தக் கரையோடு சரி. கேஜிபி என்ற பெயர் 1954-இல்தான் வந்தது. 1950-இல் கதை நடந்தால் எம்ஜிபி. 1975-இல் ‘லுப்யான்கா’ மெட்ரோ நிலையத்தில் யாரும் இறங்க முடியாது. 1990 வரை அதன் பெயர் ஜெர்ஜின்ஸ்கயா. இன்றைய மாஸ்கோ மெட்ரோவில் நகர மையத்தை நோக்கிப் போகும் ரயிலில் ஆண் குரல் அறிவிக்கும், மையத்தை விட்டு விலகும் ரயிலில் பெண் குரல். ‘வேலைக்குக் கூப்பிடுவது முதலாளி, வீட்டுக்குக் கூப்பிடுவது மனைவி’ என்று நினைவு வைத்துக்கொள்வார்கள். கண்ணைக் கட்டிக் கடத்தினாலும் நாயகனுக்குத் திசை தெரியும், எழுதுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுரையின் தலைப்புப் படத்தில் ஆங்கில ‘ரஷ்யா’வின் முதல் எழுத்தைத் திருப்பிப் போட்டிருந்தீர்கள். திருப்பிய ‘ஆர்’ ரஷ்ய நெடுங்கணக்கில் ‘யா’ என்ற உயிரெழுத்து. தனியாக நின்றால் ‘நான்’ என்று பொருள். அடுத்த முறை நேராகவே போடுங்கள்.

— ரஷ்ய மொழி ஆசிரியர்கள் இருவர், சென்னை